ஒரு தீக்குச்சிப் பாட்டு

ஒருவன் சிகரெட் பற்றவைக்கத் தீக்குச்சி கிழிக்கிறான். குச்சி கை தவறித் தரை விரிப்பில் விழுகிறது. விரிப்பில் ஓட்டை விழப் பார்த்தது, நடந்தது அவ்வளவுதான். ஆனால் அவன் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறான். விரிப்பிலிருந்து தீ வீட்டுக்குப் பரவியிருந்தால்? வீட்டிலிருந்து ஊருக்கு? ஊர் எரிகிறபோது, கொளுத்தினவன் யார் என்று ஜனங்கள் ஆயுதம் எடுத்திருந்தால்? நாடு கலவரமாகி, ஐ.நா. சபை தலையிட்டு, அது உலக யுத்தத்தில் போய் முடிந்து, மனித குலமே தீர்ந்து போயிருந்தால்? நல்ல வேளை, குச்சியை எடுத்துவிட்டேன் என்று பாட்டு முடிகிறது.

இதை எழுதிப் பாடியவர் ஸ்விட்ஸர்லாந்துக்காரரான மானி மாட்டர். அவர் பாஷை எனக்குத் தெரியாது. அர்த்தத்தை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இசைத்தட்டைக் கேட்டேன். கேட்டதும் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஹான்ஸ் பேட்டர் மாட்டர் என்பது சொந்தப் பெயர். 1936இல் பிறந்தவர். தாயார் ஹாலந்துக்காரர். சாரணர் கூட்டத்தில் ‘மானி’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் பாட்டும் அங்கேதான் அரங்கேறிற்று, 1953இல். மெட்டு அவருடையதல்ல, பிரெஞ்சுப் பாடகர் ஜார்ஜ் பிராஸான்ஸிடம் கடன் வாங்கியது. மெட்டை விட முக்கியமான ஒன்றையும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்: ஒரு கிடாரும் ஒரு குரலும் போதும், சொல் ஒவ்வொன்றும் காதில் விழவேண்டும் என்பதை.

தொழிலால் அவர் வக்கீல் படிப்பாளி. 1967–68இல் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து அரசியல் தத்துவம் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சி எழுதினார். அது புஸ்தகமாக வந்ததே 2012இல்தான். 1969இலிருந்து பெர்ன் நகரசபைக்குச் சட்ட ஆலோசகர். பகலில் கோப்பு, சாயங்காலம் பாட்டு. ‘பெர்ன் ட்ரூபாதூர்கள்’ என்று பெயர் பெற்ற சில நண்பர்களோடு சின்னச் சின்ன அரங்குகளில் பாடிக்கொண்டிருந்தார். தனியாக ஒரு முழுக் கச்சேரி நடத்தத் துணிந்தது 1971இல். மறு வருஷம் நவம்பர் 24ஆம் தேதி, ராப்பர்ஸ்வில் என்ற ஊரில் பாடப் போகிற வழியில், கார் விபத்தில் இறந்துபோனார். வயது 36.

அவர் பாடியது ஜெர்மன் மொழியின் பெர்ன் பேச்சு வழக்கில். அந்தப் பகுதியில் பத்திரிகையும் பாடப் புஸ்தகமும் ஒரு ஜெர்மன். சமையலறையும் கடைத்தெருவும் வேறு ஜெர்மன். மேடைத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேச்சு வழக்கில் பாட்டு என்றால் மலை, மாடு, பழைய நாளைய ஏக்கம் என்று வந்துவிடுவது சுலபம். மாட்டர் அந்தப் பக்கம் போகவில்லை. கிராமத்தார் வில்ஹெல்ம் டெல் நாடகம் போடுகிற பாட்டு ஒன்று உண்டு. தேசத்தின் வீர புருஷன் மேடையில் நிற்கும்போதே அடிதடி மூண்டு, சபையாரும் அதில் கலந்துகொள்கிறார்கள். வீட்டு மொழியில் தேசத்தைக் கேலி செய்தால் யாருக்கும் கோபிக்கத் தோன்றவில்லை போலும்.

நாவிதர் கடைப் பாட்டு இன்னும் ஒரு படி மேல். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு முன்னே ஒரு கண்ணாடி, பின்னே ஒரு கண்ணாடி. அவனுடைய தலைகளே ஒரு பாடகர் கோஷ்டி மாதிரி முடிவில்லாமல் வரிசையாக நிற்கின்றன. நான் யார் என்ற கேள்வி முதுகில் சில்லென்று ஏற, எழுந்து ஓடுகிறான். அன்றிலிருந்து முடி வளர்க்கிறான்! வேதாந்தி புஸ்தகம் போட்டுச் சொல்வதை இவர் முடிவெட்டில் வைத்துச் சொல்கிறார்.

என் ஆட்சேபம் மாட்டர் மேல் அல்ல, அவருக்கு வந்த புகழ் மேல். அவர் பாட்டுகள் ஸ்விட்ஸர்லாந்துப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் பாடுகிறவையாகிவிட்டன. குழந்தைகள் பாடுவது பாக்கியம்தான். ஆனால் தீக்குச்சியைப் பார்த்தால் உலக யுத்தம் தெரிகிற மனம் குழந்தையின் மனமல்ல. அணுகுண்டுக் காலத்தில் வளர்ந்து, சட்டம் படித்து, எத்தனை மெல்லிய இழையில் ஊர் ஒழுங்கு தொங்குகிறது என்று தெரிந்துகொண்டவரின் மனம் அது. சங்கோசத்தைப் பற்றிய பாட்டிலும் இதுவேதான்: குரங்கிலிருந்து மனிதனைப் பிரிப்பது கூச்சம் ஒன்றுதான் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, உலகத்தின் கதியைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் அந்தக் கூச்சம் இருக்கவேண்டுமே என்று கவலைப்பட்டு முடிக்கிறார். 1991இல் ஸ்டெஃபான் ஐஷர் அதைத் தம் தட்டில் பாட, பெர்ன் பேச்சு ஒரு வார்த்தை புரியாத பிரான்ஸிலும் அது பிரபலமாயிற்று. அங்கே அந்தக் கவலை எத்தனை பேருக்குக் காதில் விழுந்ததோ!

கடைசிக் காலத்துப் பாட்டுகளில் ஹாஸ்யம் குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறீர்கள் என்று கேட்கிற பாட்டு ஒன்று. 1973இல், அவர் இறந்த பிறகு வந்த பாட்டுப் புஸ்தகத்துக்கு அதுவே தலைப்பு. அதில் கதை கிடையாது, வேடிக்கை கிடையாது. எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார், அவ்வளவுதான். அதைக் கேட்டு முடித்து, தீக்குச்சிப் பாட்டை மறுபடி போட்டேன். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.