மெலடோனின் எலும்பைக் காக்குமா?

அறுபத்திரண்டு வயதுப் பெரியம்மா டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் அடர்த்தி குறைவு. டி-ஸ்கோர் மைனஸ் 1.8. கூடவே ஒரு டப்பா. அமெரிக்காவிலிருக்கும் மகன் அனுப்பிய மெலடோனின் மிட்டாய், ஒன்றுக்கு 10 மில்லிகிராம். "நல்லாத் தூக்கமும் வரும், எலும்பும் வளருமாமேப்பா?" என்று கேட்டார்.

அந்த நம்பிக்கை காற்றில் பிறந்ததல்ல. இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. தூக்கத்தோடு மட்டுமல்ல, எலும்போடும் அதற்கு உறவுண்டு என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுண்டெலியின் எலும்பாக்கும் இளஞ்செல்களைக் கிண்ணத்தில் வளர்த்தால், அவை முதிர்ந்து கால்சியத்தைப் படியவைக்க 21 நாள் பிடிக்கும். மெலடோனின் சேர்த்த கிண்ணத்தில் அது 12 நாளிலேயே நடந்தது. 2002-இல் மறுபக்கமும் தெரியவந்தது. அதிக அளவில் கொடுத்தபோது, எலும்பைக் கரைக்கும் செல்கள் உருவாவதையே அது தடுத்தது. கட்டுகிற கைக்குத் தெம்பு, இடிக்கிற கைக்குத் தடை. எலும்புப்புரை மருந்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. ஆகவே ஆய்வாளர்கள் இதை ஆவலோடு பின்தொடர்ந்ததில் நியாயம் உண்டு.

ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். முதல் ஆய்வின் கிண்ணத்தில் இருந்தது 50 நானோமோலார் மெலடோனின். நடுநிசி தாண்டி உச்சத்தில் இருக்கும்போதுகூட நம் ரத்தத்தில் அது பெரும்பாலும் அரை நானோமோலாரைத் தாண்டாது. நூறு மடங்கு வித்தியாசம்! சுண்டெலியோ இரவில் ஓடியாடுகிற பிராணி. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சில வகைகளுக்குச் சொந்தமாக மெலடோனின் சுரப்பதே அரிது. அதன் எலும்பில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிப் பேசுவது அவசரம்.

மனிதர்களிடம் செய்த சோதனைகளில் நான் அதிகம் மதிப்பது டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடந்து 2015-இல் வெளியானதை. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 81 பெண்களுக்கு ஓராண்டு மெலடோனினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடத் தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தி சராசரியாக 1.4 சதவீதம் கூடியிருந்தது. அவர்களிலும் கூடுதல் அளவாக 3 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் 2.3 சதவீதம். நேர்மையாக நடத்திய சோதனை, நம்பிக்கை தரும் முடிவு. ஆனாலும் ஒரு தனி ஆளின் ரிப்போர்ட்டில் இந்த வித்தியாசம் ஸ்கேன் கருவியின் பிழைக்குள் மறைந்துபோகும். 2017-இல் வந்த இன்னொரு சோதனையில் முதுகெலும்பின் அடர்த்தி நன்றாகவே கூடியது. அதில் மெலடோனினோடு ஸ்ட்ரான்சியம், வைட்டமின் டி3, கே2 எல்லாம் சேர்த்தே கொடுத்தார்கள். எலும்பில் சேரும் ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைவிடக் கனமான தனிமம். ஸ்கேனில் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். பலனை எதன் கணக்கில் எழுதுவது?

இந்தச் சோதனைகள் அளந்தது அடர்த்தியை. முதியவர்களை முடக்கிப்போடுவது எலும்பு முறிவு. முறிவு குறைகிறது என்று காட்டுமளவுக்குப் பெரிய சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை. மாறாக, 2016-இல் பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை அலசியபோது, மெலடோனின் எடுத்தவர்களிடம் முறிவு ஏறத்தாழ இரு மடங்கு. தூக்கம் கெட்டவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்களாக இருக்கலாம் என்பதால் பழி முழுவதையும் மாத்திரைமேல் போட முடியாது. ஆனால் அரைத்தூக்கத்தில் எழுந்து நடப்பவர் தடுமாறுவார் என்பதையும் ஒதுக்க முடியாது.

டப்பாவின்மீதும் எனக்கு நம்பிக்கையில்லை. 2023-இல் அமெரிக்காவில் இத்தகைய 25 மிட்டாய் வகைகளைச் சோதித்ததில் 22-இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை.

பெரியம்மா இரவில் இரண்டு முறை எழுந்திருப்பார். படுக்கையிலிருந்து பாத்ரூமுக்குப் பத்தடி. நடுவில் ஒரு நிலைப்படி, அதையொட்டிச் சுருண்டு கிடக்கும் கால்மிதி. மிதியை எடுத்துவிட்டு, சுவரோரம் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று பொருத்தினேன். மிட்டாய் டப்பாவையும் ரிப்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை இரண்டையும் எலும்பு டாக்டரிடம் கொண்டுபோகிறோம்.