நம் எழுத்தில் நிலக்காட்சி

பயணக் கட்டுரைகளை நான் விரும்பி வாசிப்பவன். கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் வாசிக்க அவற்றைவிடத் தோதானது வேறில்லை. ஆனால் அண்மையில் வாசித்த ஒன்று என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. எழுதியவர் நம்மவர்தான். நல்ல நடை உள்ளவர். பெயர் இங்கே தேவையில்லை. புத்தளத்திலிருந்து எலுவன்குளம் வழியாக மன்னாருக்குப் போன கதை. மறிச்சுக்கட்டிக்குக் கிட்ட வாகனத்தை நிறுத்தி, மனிதக் கால் படாத காடு என்று வியந்து, மரங்களுக்கிடையே விழுந்த வெயிலைப் பற்றி நீண்ட பந்தி ஒன்று எழுதியிருந்தார். அந்த இடம் எனக்குத் தெரியும். அவர் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கட வீட்டுக் கிணறு கிடக்கிறது.

அவரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு நிலத்தைக் கண்டவுடன் நம் பேனா எங்கே ஓடுகிறது என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் அது உல்லாசப் பயணிகளுக்கு அச்சிட்ட கையேட்டை நோக்கியே ஓடுகிறது. 'எழில் கொஞ்சும்', 'கண்ணுக்கு விருந்தளிக்கும்', 'மனதை மயக்கும்' போன்ற சொற்களை நுவரெலியாவுக்கும் பாவிக்கிறோம், அறுகம்பைக்கும் பாவிக்கிறோம், உம்ராவுக்குப் போய் வந்து தாயிபுக்கும் பாவிக்கிறோம். பார்த்த இடம் மாறுகிறது, சொல் மாறுவதில்லை. அப்படியென்றால் உண்மையில் எதைத்தான் பார்த்தோம்?

நம் இலக்கியத்தில் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தை எடுத்துக்கொள்வோம். நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த அரபு நாட்டைப் பாட வந்த உமறுப்புலவர் அங்கே மழை பொழியவைக்கிறார், ஆறு பெருக்கெடுக்கவைக்கிறார், உழவரை வயலில் இறக்கி நெல் விளைவிக்கிறார். பாலைவனத்தில் ஏது நெல்வயல் என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அது காப்பிய மரபு, கம்பரும் கோசல நாட்டை அப்படித்தானே பாடினார் என்று விடை சொன்னவர்களும் உண்டு. இரண்டாம் கட்சியார் சொல்வது சரி, ஆனால் அது பாதிப் பதில். புலவர் தாம் காணாத ஒரு நாட்டை நேசித்தார். நேசித்த நாட்டுக்குக் கொடுப்பதற்குத் தம்மிடம் இருந்த மிக நல்லதைக் கொடுத்தார். அது மழை பெய்து விளைந்த தம் சொந்த மண். அந்த வயலில் சேறு இருக்கிறது, நாற்று நடுகிற பெண்கள் இருக்கிறார்கள். புவியியலாகப் பார்த்தால் பிழை. காட்சியாகப் பார்த்தால் அதில் பொய்யே இல்லை.

1885இல் வெளிவந்த அசன்பே சரித்திரத்தையும் ஒரு வரியில் சொல்லலாம். நம் நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கண்டியில் பிறந்த சித்திலெப்பை எழுதிய அந்தக் கதை நடப்பது எகிப்திலும் இந்தியாவிலும். நம் மண்ணைக் கண்கொண்டு பார்க்கும் உரைநடை நமக்குப் பிந்தித்தான் வாய்த்தது. அந்தக் கடனை இன்னும் முழுதாக அடைத்தோமா என்பது எனக்குச் சந்தேகம்.

வெளியாருடைய கண் சில இடங்களில் நம்மைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்து நம் கரையேறிய இப்னு பதூதா கடலில் இருந்தபடியே பாவாத மலையைக் கண்டு, அது புகைத்தூண்போல் எழுந்து நின்றதாகச் சொல்கிறார். அழகான உவமைதான். என்றாலும் எனக்குப் பிடித்தது அதுவல்ல. புத்தளக் கரையில் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்ட கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, மலபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும் வருகிறவர்கள் அவற்றை விலையின்றி எடுத்துப் போகிறார்கள், பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுக்கிறார்கள் என்று சேர்த்துக்கொள்கிறார். மலையேறும் வழியில் அட்டை கடிக்கும், அதற்கு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும் என்பதையும் விடவில்லை. இதையெல்லாம் அவர் பாஸ் நகரத்தில் இருந்துகொண்டு இப்னு ஜுஸைக்குச் சொல்ல, நூல் முடிந்தது 1355இல். பதினொரு வருடம் கழித்தும் அட்டை மறக்கவில்லை. காலில் கடித்தது மனதில் நிற்கும். 'எழில்' நிற்காது.

மறிச்சுக்கட்டிக்கே திரும்புகிறேன். 1906இல் அங்கே முத்துக்குளிப்பு நடந்தபோது லெனாட் வூல்ஃப் என்ற இளம் சிவில் அதிகாரி மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டார். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும், இந்தியக் கரையிலிருந்து வந்த தமிழரும் முஸ்லிம்களுமாகப் பல்லாயிரம் பேர் கூடிய தற்காலிகப் பட்டணம் அது. 1961இல் தன் வாழ்க்கை வரலாற்றின் ஒரு பாகத்தில் அந்த நாட்களை எழுதியபோது சிப்பி அழுகும் நாற்றமும் கூடவே வருகிறது. நமது கட்டுரையாளர் 'கால் படாத காடு' என்றது இந்தக் கரையோரத்தைத்தான்! வூல்ஃப் 1913இல் எழுதிய நாவலும் நினைவுக்கு வருகிறது. அதன் களம் வேறு, அம்பாந்தோட்டைப் பக்கம். ஆட்கள் ஒவ்வொருவராகப் போக, காடு வந்து ஊரை மூடிவிடும் கதை. காடு என்பது சில இடங்களில் மனிதர் போன பிறகு வருவது என்பது அந்த வெள்ளைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

இனி என் பங்கு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. கற்பிட்டிக் குடாநாட்டில் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்து, எழுதப் பழகி, இருபது வயதில் ஊரைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். வெண்மணல் இருந்தது, நிலவு இருந்தது, அலை தாலாட்டியது, பள்ளிவாசல் மினாரா கண்ணீர் விட்டது. சிநேகிதர்கள் பாராட்டினார்கள். வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பீடியை அணைத்துவிட்டு முழுதும் கேட்டார். பிறகு, "மகன், இதில எங்கட ஊர் எது? இது கற்பிட்டியாவும் இருக்கலாம், காத்தான்குடியாவும் இருக்கலாமே" என்றார். எங்கட ஊரில் நிலவுக்கு யார் பார்த்திருந்தது, யானைக்கல்லவா விழித்திருந்தோம் என்றும் சொன்னார்.

அதைவிட நல்ல விமர்சனம் என் எழுத்துக்கு இதுவரை கிடைக்கவில்லை. இடம்பெயர்ந்த நம்மவர் எழுதியவற்றில் கணிசமானவை இந்த நோயில் விழுந்தவை. துக்கம் உண்மை, ஆனால் ஊர் பொய். இழந்ததைச் சுவர்க்கமாக்கிவிட்டோம். சுவர்க்கத்துக்கு எல்லைக் கல் கிடையாது, உறுதி கிடையாது, பக்கத்து வளவுக்காரனோடு வேலித் தகராறு கிடையாது. ஆகவே அது எங்கேயும் இருக்கலாம், அதாவது எங்கேயும் இல்லாமலும் போகலாம். எங்கட ஊரில் கோடையில் தண்ணீர் உப்புக் கரிக்கும். பாலைப்பழக் காலத்தில் பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் தேய்த்தால்தான் விடும். இவற்றில் ஒன்றுகூட என் கவிதையில் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்த மறு வருடம் வாப்பாவோடு போனேன். பாதையிலிருந்து பார்த்தால் ஒரே பற்றை. எனக்கு எதுவும் தெரியவில்லை. கட்டுரையாளர் கண்டதைத்தான் நானும் கண்டேன். வாப்பா கத்தியால் முள்ளை விலக்கிக்கொண்டு முன்னே போனார். தென்னை ஒன்றும் மிஞ்சாது, தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் செத்துவிடும், புளியை மட்டும் பார் என்றார். பெரிய புளி ஒன்று வீரைக்கும் உடைக்கும் நடுவில் நின்றது. "புளி தானா முளைச்சு இப்பிடி வரிசைக்கு நிக்காது மகன். இது வாசல்." அங்கிருந்து கால்களால் அளந்து நடந்து கிணற்றுக் கட்டைக் காட்டினார். உள்ளே மரம் ஒன்று வளர்ந்து தலை நீட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ட காடு அந்த நிமிடத்தில் வளவாக மாறியது. வெயில் அதே வெயில்தான்.

2012இல் அந்தப் பக்கத்துக் காணிகள் பலவற்றை ஒதுக்குக் காடாக வர்த்தமானி அறிவித்தது. பிறகு நடந்த வாதப் பிரதிவாதங்களை வாசகர்கள் அறிவார்கள். காடு அழிவதில் எனக்கு உடன்பாடில்லை. யானைக்கும் இடம் வேண்டும், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எது காடு, எது ஊர் மேல் வளர்ந்த பற்றை என்று பிரித்துக் காட்டக்கூடிய எழுத்து நம் கையில் எவ்வளவு இருந்தது? உறுதிகள் பலருக்கு ஓடி வந்த வழியிலேயே தொலைந்தன. நம் கவிதைகளைப் புரட்டினால் நிலவும் வெண்மணலும் கிடைக்கும். புளியமரத்திலிருந்து கிணறு எத்தனை அடி என்பது கிடைக்காது. அது வாப்பாவின் காலுக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் மௌத்தாகி ஆறு வருடம்.

அதனால்தான் அந்தக் கட்டுரையாளருக்கு நேரடியாக ஒன்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. தம்பி, வாகனத்தை நிறுத்தியது நல்லது. இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்திருக்கலாம். பாதையோரத்துச் சாயக்கடையில் யாரிடமாவது இது என்ன இடம் என்று கேட்டிருக்கலாம். வெயிலைப் பற்றிய பந்தி நன்றாகத்தான் வந்திருக்கிறது, அதை வெட்டச் சொல்லவில்லை.

போன மாதம் என் மகள் பாடசாலைக்கு 'எனது ஊர்' என்று கட்டுரை எழுதினாள். கற்பிட்டிப் பக்கத்து மணலில் பிறந்து வளர்ந்தவள். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்ச் சத்தத்தில் விடியும் என்று தொடங்கியிருந்தாள். மாசிக் கருவாடு காயும் வாடை, நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, அந்தப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து உம்மா உடுப்புக் காயப்போடுவது, எல்லாம் இருந்தது. 'எழில்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. முசலி என்ற பெயரும் இல்லை. நான் கேட்கவில்லை. இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.