ரிலீவர் இல்லாத லைன்

ஒரகடம் கூட்ரோட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டீ குடிக்க நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வரும். அதில் ஒன்றிலிருந்து என் மைத்துனன் இறங்குவான். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அவன் ரிலீவர். லைனில் யாராவது பாத்ரூம் போனாலும், லீவு போட்டாலும், அந்த ஸ்டேஷனில் இவன் போய் நிற்க வேண்டும். "ஆள் மாறினதே தெரியக் கூடாது மாமா. அதே செகண்டுல பீஸ் அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிடணும். அதான் நம்ம வேலை" என்பான்.

விளையாட்டிலும் இதே கதைதான். 2019 ஆகஸ்ட் முதல் தேதி, தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம் என்று ஐசிசி விதி கொண்டுவந்தது. ஆனால் 'லைக் ஃபார் லைக்', அதாவது அதே மாதிரி ஆளாக இருக்க வேண்டும். அந்த மாதமே லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். பேட்ஸ்மேனுக்கு பேட்ஸ்மேன், யாரும் முணுமுணுக்கவில்லை. 2025 ஜனவரியில் புனேயில் ஷிவம் துபேவுக்குப் பதில் ஹர்ஷித் ராணா வந்து 3 விக்கெட் எடுத்ததும் இங்கிலாந்து கொதித்துப்போனது. ஆல்ரவுண்டருக்கு வேகப்பந்து வீச்சாளரா மாற்று என்று.

போனவர் மாதிரியே ஒருவர் வந்தால்தான் அணி ஓடுமா? இதற்கு நல்ல பதில் வைத்திருக்கும் அணி கிரிக்கெட்டில் இல்லை. அது ஓர் இசைக்குழு. விளையாட்டுப் பக்கத்தில் பாட்டுக் கச்சேரியா என்று முகம் சுளிப்பவர்கள் நாலு பத்தி பொறுக்கவும்.

முதலில் எதிர்முனையைப் பார்த்துவிடலாம். இந்தப் பக்கம் பிரெஞ்சுப் பெயர்கள் நமக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி, ஒரகடத்தில் ரெனோ கார். பிரான்சிலிருந்து கண்ணாடியும் காரும் வந்தன; மாக்மா வரவில்லை. 1969இல் பாரிஸில் கிறிஸ்தியான் வாண்டேர் என்ற டிரம்ஸ் கலைஞர் தொடங்கிய ராக் குழு அது. சொந்த மொழி போதவில்லை என்று 'கோபயன்' என்றொரு மொழியையே உருவாக்கி அதில் பாட வைத்தார். கேட்டால் ராணுவ அணிவகுப்பும் தேவாலயக் கோரஸும் ஜாஸும் ஒரே தெருவில் மோதிக்கொண்டது போல இருக்கும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடும் குழு, இடையில் பத்து வருஷத்துக்குக் குறையாமல் ஓர் இடைவெளி. வந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. வாண்டேர் மட்டும் டிரம்ஸுக்குப் பின்னால் அதே இடத்தில்.

மாக்மா நம் மைத்துனனின் லைன் மாதிரி. பெரும்பாலும் முன்பே எழுதப்பட்ட இசை. எந்த மாத்திரையில் எந்தக் குரல், எந்த இடத்தில் பேஸ் கிதார் என்பது காகிதத்தில் இருக்கிறது. ஆள் போனால் இன்னொருவர் வந்து அதை வாசிப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதிய 'கே.ஏ' என்ற படைப்பை 2004இல் பெரும்பாலும் வேறு ஆட்களை வைத்து ரெக்கார்ட் செய்தார்கள். நன்றாகவே இருக்கிறது. ஸ்டேஷன் நிலையானது, ஆள்தான் மாறுவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தொழிற்சாலைக்கு இருக்கும் அழகு அதற்கு உண்டு.

இப்போது நம் ஆட்கள் இருக்கும் அணிக்கு வருகிறேன். சக்தி.

ஜான் மெக்லாலின் இங்கிலாந்துக்காரர். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவில் எலக்ட்ரிக் கிதாரை இடி மாதிரி வாசித்துக்கொண்டிருந்தவர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாக 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரி மேடையில் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்தார்கள். மெக்லாலின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாட் ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். அந்தக் கச்சேரிதான் முதல் ஆல்பம். மொத்தம் 3 உருப்படிகள். அதில் ஒன்று மட்டும் 29 நிமிடம்.

கிதாரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பிரெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மரத்தைக் குழிவாகச் செதுக்கி எடுத்திருந்தார்கள். விரலுக்கு அடியில் மரமே தட்டாது என்பதால் கம்பியை வீணையில் இழுப்பது போல இழுத்து வளைக்கலாம். வாசிக்கும் கம்பிகளுக்குக் குறுக்கே சாய்வாக இன்னும் 7 கம்பிகள், சுருதிக்காக. வழக்கமாக வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நம் ராகத்தைத் தங்கள் வாத்தியத்துக்கு ஏற்றபடி வளைப்பார்கள். இவர் வாத்தியத்தைச் செதுக்கினார். ஆடுகளம் அறிந்து மட்டையை மாற்றுவது என்றால் இதுதான்.

அடுத்த நகர்வுதான் என்னைப் பொறுத்தவரை முழு ஆட்டத்தையும் தீர்மானித்தது. முதல் ஆல்பத்துக்குப் பிறகு மிருதங்கக் கலைஞர் ராகவன் குழுவில் இல்லை. கர்நாடகக் கச்சேரி தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். மிருதங்கம் பக்கவாத்தியம், கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் ஓய்வெடுக்கும்போது கடத்துக்கு வாய்ப்பு, தனி ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று. கிட்டத்தட்ட பன்னிரண்டாவது ஆட்டக்காரர். வேறு எந்த கேப்டனாக இருந்தாலும் இன்னொரு மிருதங்கத்தைத் தேடியிருப்பார். சக்தி தேடவில்லை. பன்னிரண்டாவது ஆட்டக்காரரையே ஓப்பனிங் இறக்கியது.

விநாயக்ராம் அந்த இடத்தை எப்படிப் பிடித்தார் என்பது தனிப் பாடம். டிரம் செட் இல்லை, பேஸ் கிதார் இல்லை. அடித்தளத்தில் 'கும்' என்று ஒரு சத்தம் வேண்டும். பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அந்த அடி நாதத்தை எடுத்தார். மேலே கழுத்துப் பக்கம் விரல் நுனிகள் சரம்சரமாக ஓடும், கீழே வயிறு பேஸ் வாசிக்கும். சுட்ட மண்பானை ஒன்று இரண்டு வாத்தியங்களின் வேலையைச் செய்தது. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' இரண்டையும் கேட்டால் ராகவனின் மிருதங்கம் இல்லையே என்று எந்த இடத்திலும் தோன்றாது. அவர் இருந்த இடமே அங்கே இல்லை, ஆட்டத்தின் வடிவம் மாறிவிட்டது.

எழுபதுகளின் இறுதியில் குழு கலைந்தது. 1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்று திரும்பியபோது எல். சங்கர் இல்லை. வயலினுக்கு வயலின் வந்ததா? ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. அந்தச் சுற்று எனக்குக் கொஞ்சம் சவசவ. டெஸ்ட் மேட்சின் முதல் காலை மாதிரி, பந்தை விட்டுவிட்டு ஆடுகிறார்கள். பிறகு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார், ஆட்டம் சூடு பிடித்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தவறான தேர்வு. கிதாரும் மீட்டுவது, மாண்டலினும் மீட்டுவது. இரண்டு இடதுகை ஓப்பனர்கள் மாதிரி எதிரணிக்கு எளிது என்போம். வயலின் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கும், மீட்டும் வாத்தியத்தில் ஒலி சீக்கிரம் தேயும். ஆனால் அந்தத் தேய்மானமே வேகமாகியது. கொறைப்பு வாசிக்கும்போது கேளுங்கள். ஒருவர் நீளமாக ஒரு கணக்கு வாசிப்பார், மற்றவர் அதே நீளத்துக்குப் பதில் சொல்வார். அடுத்து பாதி, அதற்கடுத்து அதில் பாதி, கடைசியில் ஒற்றை ஸ்வரத்துக்கு ஒற்றை ஸ்வரம். டென்னிஸில் இருவரும் நெட்டுக்கு ஓடிவந்து முகத்துக்கு முகம் வாலி அடிப்பது போல. யார் தொட்டார் என்று காது குழம்பும்.

தாளத்திலும் இதே சூத்திரம். விநாயக்ராமின் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் வந்தார். அப்பாவின் பானையைப் பிள்ளை தூக்குவதுதான் நம் ஊர் வழக்கம். இவர் கஞ்சிராவோடு வந்தார். ஒரு கையகலத் தோல், விளிம்பில் சலங்கைத் தகடு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த வாத்தியம். தண்ணீர் தடவி சுருதியை இறக்கி, பிடித்திருக்கும் கை விரலால் தோலை அழுத்தினால் சத்தம் வழுக்கிக்கொண்டு போகும். பானை தராத வகையான பேஸ் அது. (இதே செல்வகணேஷ்தான் 'வெண்ணிலா கபடிக் குழு'வுக்கு இசையமைத்தவர். ஆக விளையாட்டுப் பக்கத்தில் அவருக்கு முழு உரிமை உண்டு.)

இவ்வளவு மாறியும் குழு கலகலத்துப் போகாததற்குக் காரணம், தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோல் என்பது என் கணிப்பு. தகதிமி என்றால் நாலு, தகதகிட என்றால் ஐந்து. வாத்தியம் எதுவானாலும், தாய்மொழி எதுவானாலும் எல்லோருக்கும் வாய்க்கணக்கு ஒன்று. வாண்டேர் ஒரு மொழியைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அகராதியில் அர்த்தம் இல்லாமல் லயத்தில் மட்டும் அர்த்தம் கொண்ட மொழி நம் பாட்டு வாத்தியார்களின் திண்ணையில் ஏற்கெனவே கிடந்தது. மெக்லாலின் அதைப் பாடம் போலக் கற்று, 2007இல் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் சொல்லித்தரும் டிவிடியே வெளியிட்டார். மாக்மாவில் வயலின் வாசித்து வளர்ந்த திதியே லாக்வுட்டும் பின்னாளில் புதுச்சேரி வீணைக் கலைஞர் ரகுநாத் மானேயோடு இணைந்து வாசித்தார் என்பது இங்கே ஞாபகம் வருகிறது. அந்தப் பக்கத்துக் காதுகளும் இந்தப் பக்கம்தான் திரும்பின.

எல்லா மாற்றமும் எனக்கு உவப்பில்லை. சங்கர் மகாதேவனின் குரல் சேர்ந்த பிறகு மைதானம் நிரம்பியது, ஆனால் குரல் எழுந்ததும் கண்கள் அங்கேயே போய்விடுகின்றன. மற்ற நால்வரின் நுணுக்கம் பக்கவாத்தியமாகிப்போகிற தருணங்கள் உண்டு. 2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் போய்விட்டார். அதன்பின் வந்தது மாண்டலின் இல்லை. கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் கணேஷ் ராஜகோபாலனின் வயலின். 1977க்குப் பிறகான முதல் ஸ்டுடியோ ஆல்பம் 'திஸ் மொமெண்ட்' 2023இல் வெளிவந்தது. கொரோனா காலத்து வேலை, அவரவர் ஊரில் வாசித்து அனுப்பியது. சுத்தம், கச்சிதம். எனக்கு அந்தக் கொறைப்பில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு காதில் விழவில்லை. 2024 பிப்ரவரியில் கிராமி கொடுத்தார்கள். டிசம்பர் 15ஆம் தேதி ஜாகிர் உசேன் காலமானார். 1975 முதல் மெக்லாலினைத் தவிர இடம் மாறாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள்.

இதையெல்லாம் மைத்துனனிடம் டீக்கடையில் சொன்னேன். பாதி கேட்டான். "அப்போ தபலாவுக்கு ரிலீவர் யாரு மாமா?" என்றான். என்னிடம் பெயர் இல்லை. போனை வாங்கி அந்த 29 நிமிட உருப்படியைப் போட்டு, ஒரு காது ஹெட்செட்டை அவனுக்குக் கொடுத்தேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. வல்லம் தாண்டும்போது விநாயக்ராமின் பானை பேசத் தொடங்கியிருந்தது. அவன் விரல் முன்சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது, எண்ணிக்கை இரண்டு இடத்தில் தப்பியது.