நாற்பது கூட்டிய பிறந்தநாள்

என் முன்னாள் மாணவி ஒருத்தி 2022 செப்டம்பரில் இத்தாலிக்குப் படிக்கப் போனாள். தாவரவியல் இளங்கலை படித்தவள்; பகுதி ஒன்று தமிழுக்காக இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் இருந்தவள். வனவியலில் முதுகலை படிக்க அவளுக்கு இடம் கிடைத்த ஊர் பதுவை. அந்தோணியார் கோவில் திருவிழாச் சுவரொட்டிகளில் நாம் பார்த்துப் பழகிய அதே பதுவைதான். ஊர்ப்பெயரைக் கேட்டதும் அவளுடைய அம்மாவுக்குப் பாதிக் கவலை போய்விட்டதாம். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றும் இந்துப் பெண் அவர். நான் என் பங்குக்கு ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினேன்: ஜும்பா லாஹிரியின் ‘இன் அதர் வேர்ட்ஸ்’.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவள் பதிலுக்குத் தன் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தாள். நீள நோட்டு, இருநூறு பக்கம். முக்கால்வாசி தமிழ். செலவுக் கணக்கு, பேருந்து நேரம், புதிய சொற்கள், இடையிடையே இரண்டு மூன்று வரிகளில் அன்றைய நாள். இந்தத் தொகுப்புக்கு லாஹிரியைப் பற்றித்தான் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு லாஹிரியை மட்டும் எழுத முடியவில்லை. அவள் அனுமதியோடு இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன்.

லாஹிரியின் புத்தகம் ஒரு காதல் கதை. 1994இல் தங்கையுடன் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குப் போனபோது இத்தாலிய மொழி அவரைப் பிடித்துக்கொள்கிறது. 2012இல் குடும்பத்தோடு ரோமுக்குக் குடிபெயர்கிறார். ஆங்கிலத்தில் புலிட்சர் வாங்கியவர், அந்த ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இத்தாலியில் மட்டுமே எழுதுகிறார். 2015இல் நூல் இத்தாலியில் வந்தது. அடுத்த ஆண்டு ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருமொழிப் பதிப்பாக வந்தது. தாய்மொழி வங்காளத்துக்கும், ஆளாக்கிய ஆங்கிலத்துக்கும் நடுவே தானாகத் தேர்ந்துகொண்ட மூன்றாவது மொழி என்பது நூலின் மையம். படிக்கும் புத்தகங்களில் தெரியாத சொல் வந்தால், காட்டுக்குக் கூடையோடு போகிறவரைப் போலச் சேகரித்துக்கொள்கிறார். வகுப்பில் இதைப் பாடம் நடத்தும்போது நான் மயங்கித்தான் போவேன். பெண் ஒருத்தி தனக்குப் பிறப்பால் வராத, யாரும் தரச்சொல்லாத மொழி ஒன்றை ஆசைக்காக மட்டும் எடுத்துக்கொள்வது நம் மரபில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

ஆனால் என் மாணவி முதலில் சேகரித்த சொற்கள் வேறு. குறிப்பேட்டின் மூன்றாம் பக்கத்தில் வரிசையாக இருப்பவை: பெர்மெஸ்ஸோ, மார்க்கா த போல்லோ, ரிச்செவூத்தா. தங்குவதற்கான அனுமதி, வருவாய் முத்திரைத்தலை, ரசீது. நாட்டுக்குள் வந்து எட்டு வேலைநாளுக்குள் அஞ்சலகத்தில் படிவக் கட்டு வாங்கி நிரப்பிக் கொடுக்க வேண்டும். 16 யூரோவுக்கு முத்திரைத்தலை ஒட்ட வேண்டும். பிறகு காவல்துறை அலுவலகத்தில் கைரேகை. அட்டை கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை அஞ்சலக ரசீதுதான் அடையாளம். ‘ரசீதை நாலாக மடித்துப் பணப்பையில் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. கிழிந்தால் நான் யார்?’ என்று நவம்பரில் ஒரு குறிப்பு. லாஹிரியின் நூலில் மொழி ஒரு ஏரி, நீந்திக் கடக்க வேண்டியது. இங்கே அது ஒரு வரிசை. எண் அழைக்கப்படும்வரை நிற்க வேண்டும்.

இதை லாஹிரியின் குறை என்று சொல்ல வரவில்லை. அவர் மாணவி அல்ல, அவருடைய கடவுச்சீட்டு வேறு, வயது வேறு. தான் மொழியைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்ற தெளிவு அவருக்கு உண்டு. என் கேள்வி என்னை நோக்கியது. உதவித்தொகையில் படிக்கப்போகிற, முதல்முறை விமானம் ஏறுகிற ஒரு பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தைத்தான் வழித்துணை என்று எப்படி நினைத்தேன்? ஃபெராண்டேவின் நேபிள்ஸ் நாவல்களில் இரண்டாவதையாவது கொடுத்திருக்கலாம். அதில் எலெனா அயல்நாட்டுக்குப் போகவில்லை, நேபிள்ஸிலிருந்து பீசாவுக்குத்தான் போகிறாள். ஆனாலும் அவளுடைய உச்சரிப்பைச் சக மாணவி நக்கல் செய்கிறாள். நல்ல கோட்டும் காலணியும் காதலன் வாங்கித் தந்த பிறகுதான் அவளுக்கு மற்றவர்கள் நடுவே நிமிர்ந்து நிற்க வருகிறது. பணமும் உச்சரிப்பும் ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள் என்று ஃபெராண்டேவுக்குத் தெரியும்.

குறிப்பேட்டில் என்னை நிறுத்திய முதல் இடம் வரி எண் பற்றியது. இத்தாலியில் வீடு எடுக்க, வங்கிக் கணக்கு தொடங்க, எல்லாவற்றுக்கும் ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ என்ற பதினாறு இலக்கக் குறியீடு வேண்டும். குடும்பப் பெயரிலிருந்து மூன்று எழுத்து, தன் பெயரிலிருந்து மூன்று, பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு பிறந்த தேதி. ஆணாக இருந்தால் தேதி அப்படியே வரும். பெண்ணாக இருந்தால் அதனுடன் நாற்பதைக் கூட்டுவார்கள். ஏழாம் தேதி பிறந்த என் மாணவி இத்தாலியக் கணினிக்கு நாற்பத்தேழாம் தேதி பிறந்தவள். ‘எந்த மாதத்திலும் இல்லாத ஒரு நாளில் பிறந்திருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாள்.

பெயரிலும் ஒரு கூத்து. பெயரிலிருந்து மெய்யெழுத்துகளை மட்டுமே எடுப்பார்கள். மெய் போதாதபோதுதான் உயிரைச் சேர்ப்பார்கள். தமிழ் இலக்கணம் நடத்துகிறவளுக்கு இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியபிறகு கவனித்தேன்: குறியீட்டின் முதல் மூன்று மெய்யும் அவளுடையவை அல்ல, அவள் அப்பாவுடையவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். கடவுச்சீட்டுக்கு அதை விரித்தெழுதும்போது அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கே வகுப்பில் பேராசிரியர்கள் மரியாதையாகக் குடும்பப் பெயர் சொல்லி அழைக்க, முதல் வாரம் முழுக்க அவள் திரும்பிப் பார்க்கவே இல்லையாம். அப்பாவைத்தானே கூப்பிடுகிறார்கள். குழந்தைக்குத் தந்தையின் குடும்பப் பெயரே தானாக வரும் என்ற விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றம் அதே 2022இல்தான் சொல்லியிருந்தது. அந்த நாட்டிலேயே தளரத் தொடங்கிய முடிச்சை நாம் புதிதாகப் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் குடும்பத்தில் ஒவ்வொருவரின் வருமானத்துக்கும் சொத்துக்கும் சான்று வேண்டும். அவற்றை இத்தாலியில் மொழிபெயர்த்து அத்தாட்சியும் பெற வேண்டும். அவள் அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். விமானச் சீட்டில் பெரும்பகுதி அந்தத் தையல் காசு. தையலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்று இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பில் அம்மாவின் பெயருக்கு எதிரே தொழில் ‘காஸலிங்கா’, இல்லத்தரசி, வருமானம் ‘ஸேரோ’. ‘இத்தாலி மொழியில் அம்மாவைப் பற்றி எழுதப்பட்டவை இந்த இரண்டு சொல்தான்’ என்கிறது குறிப்பேடு. இதற்கு மேல் ஒரு வரியும் அவள் எழுதவில்லை. அடுத்த வரி, அரிசி 5 கிலோ.

மொழியைப் பற்றி அவள் கவனித்தவை என் முனைவர் பட்டக் காலத்துக் குறிப்புகளைவிடக் கூர்மையானவை. தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. ‘போனேன்’ என்றால் போனது ஆணா பெண்ணா தெரியாது. இத்தாலியில் அவள் ‘சோனோ அந்தாத்தா’ என்று சொல்ல வேண்டும். ஆண் என்றால் ‘அந்தாத்தோ’. எல்லா வினைக்கும் இப்படி இல்லை. போவது, வருவது, தங்குவது, பிறப்பது போன்றவற்றுக்குத்தான் இந்த விகுதி மாற்றம். சாப்பிட்டேன், வேலை செய்தேன் என்பவற்றுக்கு இல்லை. ‘சாப்பிட்டால் யாரும் கேட்பதில்லை. கிளம்பிப் போனால்தான் பெண்ணா என்று பார்க்கிறார்கள். இலக்கணத்திலேயே இருக்கிறது’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருக்கிறாள். இத்தாலிய மொழியியலாளர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நான் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று ‘லேய்’. மரியாதைப் பன்மைக்கு நாம் ‘நீங்கள்’ சொல்லும் இடத்தில் அங்கே ‘லேய்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘அவள்’. மீசை வைத்த அதிகாரியானாலும் மரியாதை கொடுக்க அவரை ‘அவள்’ ஆக்க வேண்டும். நம்மிடம் நேர்மாறு; மரியாதை கூடக்கூட ‘அவள்’ மறைந்து ‘அவர்’ வருகிறது. இந்தக் கட்டுரையிலேயே பாருங்கள், லாஹிரி ‘அவர்’, என் மாணவி ‘அவள்’.

ஆனால் ‘லேய்’ அவளுக்கு எளிதில் கிடைக்கவில்லை. ஓர் அலுவலகச் சன்னலில் அவளுக்கு முன்னால் நின்ற உள்ளூர்ப் பெண்ணிடம் ‘லேய்’ போட்டுப் பேசியவர், இவள் முறை வந்ததும் ‘தூ’ என்று ஒருமைக்கு இறங்கினார். இவள் இலக்கணப் புத்தகப்படி ‘லேய்’ என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்து எழுதியது: ‘நான் அவரை ஏழு முறை அவள் என்றேன். அவர் என்னை ஒன்பது முறை நீ என்றார்.’ எண்ணியிருக்கிறாள் பாருங்கள். லாஹிரியின் நூலிலும் இப்படி ஒரு இடம் உண்டு. சலெர்னோவில் ஒரு கடையில் அவர் நெடுநேரம் இத்தாலியில் சரளமாகப் பேசுகிறார்; நாலு வார்த்தை பேசிய கணவரைத்தான் விற்பனைப்பெண் நல்ல இத்தாலி பேசுகிறவர் என்று பாராட்டுகிறாள். தோற்றம் எழுப்பும் சுவர் என்று லாஹிரி அதை வாசிக்கிறார். அந்த அத்தியாயம்தான் நூலில் என்றும் பழசாகாத பகுதி. நான் அதில் இன்னொன்றையும் சேர்த்து வாசிப்பேன். கேட்கப்பட்டது ஓர் ஆணின் குரல், கேட்கப்படாதது மனைவியின் குரல். நம் வீட்டு விசேஷங்களில் இதைப் பார்க்காதவர் யார்?

‘தூ’ பற்றிய கதை அத்தோடு முடியவில்லை. மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணிநேரம் வேலை செய்யலாம். மாலையில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குத் துணையாக இருக்கும் வேலை இவளுக்குக் கிடைத்தது. பாட்டி பேசுவது பாடப்புத்தக இத்தாலி அல்ல, வெனெத்தோ வட்டார மொழி. முதல் நாளே இவளைத் ‘தோஸா’ என்று கூப்பிட்டாராம். அந்த மொழியில் சின்னப்பெண் என்று பொருள். இவள் சிரிப்பை அடக்க முடியாமல் தோசையைப் பற்றி விளக்க, அடுத்த வாரம் அங்கே கடலை மாவில் ஏதோ ஒன்று வார்க்கப்பட்டது. பாட்டியும் ‘தூ’தான் சொன்னார். ‘சன்னலில் கேட்ட நீயும் அடுப்படியில் கேட்ட நீயும் ஒரே எழுத்து’ என்று இவள் குறித்திருக்கிறாள்.

வீட்டுக் கதைகளில் ஒன்று சொல்கிறேன். நான்கு பேர் பகிர்ந்த வீடு, குளிர்பதனப் பெட்டியில் சுத்தம் செய்யும் முறைப் பட்டியல். வெள்ளிக்கிழமை ஒரு இத்தாலியப் பையனின் முறை. ‘நான் கழுவினேன், அவன் நன்றி சொன்னான். வீட்டில் அண்ணன் நன்றிகூடச் சொன்னதில்லை. அதனால் நாலு வாரம் ஏமாந்தேன்.’ ஐந்தாவது வாரம் பட்டியலைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். தாளிப்பு நெடிச் சண்டையும் உண்டு. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சனிக்கிழமை காய்கறிச் சந்தை ப்ராத்தோ தெல்லா வல்லே என்ற பெரிய மைதானத்தில். நடுவிலுள்ள நீள்வட்ட வாய்க்காலின் இரு கரையிலும் 78 சிலைகள். கத்தரிக்காய் வாங்கப் போனவள் சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுதுகிறாள்: எல்லாம் ஆண்கள். பெண்ணென்று இருப்பது, சிற்பி பிரியோஸ்கோவின் காலடியில் ஒரு சின்னத் தலை. அது கஸ்பாரா ஸ்தாம்பா, பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர், அதே ஊரில் பிறந்தவர். உலகில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற பெண் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா, 1678இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் பெற்றார். இறையியல் கேட்டவருக்குத் திருச்சபை மறுத்துத் தத்துவம் தரப்பட்டது. அவர் சிலை பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்குள் இருக்கிறது, மைதானத்தில் இல்லை. அங்கே காலியாக நிற்கும் பீடங்களில் ஒன்றில் அவரை நிறுத்தலாம் என்று 2021 இறுதியில் நகரமன்றத்தில் யோசனை வந்தபோது பெரிய விவாதமே நடந்தது. வரலாற்றுச் சின்னத்தின் ஒருமை கெடும் என்றார்கள். கவிஞராகவும் முனைவராகவும் இருக்கிற எனக்கு அந்தக் காலடித் தலை நெடுநேரம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். குறிப்பேட்டின் சில பகுதிகளைத் தட்டச்சு செய்து ஓர் இதழுக்கு அனுப்பலாம் என்று தொடங்கினேன். லெஞ்ஞாரோ வளாகத்துக்கான பேருந்து நேரங்களை எடுத்தேன். செலவுக் கணக்குகளை எடுத்தேன். முத்திரைத்தலை, மாவு, துணி துவைக்கும் நாணயம் எல்லாம் போயின. 1545இல் அமைத்த தாவரவியல் தோட்டத்தைப் பற்றிய பக்கங்கள், கெதே பார்த்த பனை, மழையில் நனைந்த வளைவு நடைபாதைகள் மிஞ்சின. அழகாக இருந்தது. படித்துப் பார்த்தவள், ‘நல்லா இருக்கு மேம். ஆனா இந்தப் பொண்ணுக்கு யாரு வாடகை கட்டுறாங்க?’ என்றாள்.

இருபது ஆண்டுகளாகப் பெண்ணெழுத்தில் அன்றாடத்தின் அரசியல் என்று பாடம் நடத்துகிறேன். அன்றாடம் கையில் வந்தபோது அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறேன். எடுத்தவற்றை எல்லாம் திரும்பச் சேர்த்தேன். இதழ் இன்னும் பதில் சொல்லவில்லை.

அம்மாவுடன் பேசியவை எதுவும் குறிப்பேட்டில் இல்லை. பேசிய நிமிடங்கள் மட்டும் தேதியோடு இருக்கின்றன: 4, 6, 3, 5, 4. ஓரிடத்தில் மட்டும் 31. அந்த முப்பத்தொன்று எதற்கு என்று கேட்டேன்.

‘உதவித்தொகை இரண்டாவது தவணை வந்த அன்னிக்கு மேம். அண்ணன் வண்டி வாங்கணும், பணத்தை அனுப்புன்னாங்க. முடியாதுன்னு சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் ஆச்சு.’