புகழுக்கு எதிர்ச்சொல் எது?

பள்ளிக்கூடத்தில் புகழ் என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் இகழ் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாம் எல்லோரும். அத்தோடு சரி. இகழ் என்றால் ஏசுவது, தூற்றுவது என்றே மனசில் தங்கிவிட்டது. இது பாதிப் பொருள்தான் என்பது என் கட்சி.

பெங்களூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். நாள் முழுக்கக் காதில் விழுவது கன்னடமும் தெலுங்கும். புகழ்வதைக் கன்னடர் ஹொகளு என்பர். பழங்கன்னடத்தில் அது பொகழ். நம் பால் அங்கே ஹாலு, நம் பல் அங்கே ஹல்லு ஆவதுபோல. தெலுங்கில் பொகடு. நம் ஏழு அங்கே ஏடு ஆகிறதே, அதே கணக்கு. ஆக, இது தென்மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல் என்பதில் ஐயமில்லை. எதிர்ச்சொல்லுக்கு வரும்போதுதான் வேடிக்கை. கன்னடத்தில் தெகளு, தெலுங்கில் தெகடு. எதுகை போட்டு இணையாகவே வழங்குகிறார்கள். எதுகை நமக்கும் உண்டு, ஆனால் சொல் வேறு: இகழ்.

நெஞ்சில் புகுவதால் புகழ் என்று மேடையில் சிலர் வேர் காட்டுவதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இகழ் எதிலே புகுந்ததாம்? இணைச் சொல்லை விட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் வேர் தேடுவது, தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்வது போல.

வேரை விடுங்கள், வழக்குக்கு வருவோம். இல்லறவியலை முடித்து வைக்கும் 24ஆம் அதிகாரம் புகழ். அதன் ஏழாம் குறளில் புகழுக்கு எதிரே இகழ் நிற்கிறது. அடுத்த மூன்று குறளிலும் இசைக்கு எதிரே வசை. இசை என்பது ஓசை. நாலு பேர் வாயில் ஒலிப்பது. வசையும் வாயில் வருவதே. இந்த இரண்டுக்கும் யாராவது வாயைத் திறக்கணும். இகழ்வதற்கு அது வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும்!

எப்படி என்று கேட்பீர்கள். பொருட்பாலில் பொச்சாவாமை அதிகாரத்துக்கு (54) வாருங்கள். பொச்சாப்பு என்றால் மறதி, அசட்டை. அங்கே எட்டாம் குறளில் புகழ்தல், போற்றுதல், இகழ்தல் மூன்றையும் வள்ளுவர் ஒரே இடத்தில் வைக்கிறார். சான்றோர் புகழ்ந்து சொன்னவற்றைப் போற்றிச் செய்யவேண்டும்; செய்யாமல் இகழ்ந்தவர்க்கு நன்மையில்லை என்பது கருத்து. இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. இகழ்தல் என்பதற்கு மறத்தல் என்றே பரிமேலழகர் உரை கொள்கிறார். அடுத்த குறளில் வரும் இகழ்ச்சியும் அதே மறதிதான். நடுவில் நிற்கும் போற்று என்ற சொல்லையும் கவனியுங்கள். அதற்குத் துதித்தல் என்றும் பொருள், காத்தல் என்றும் பொருள். ஆகவே போற்றாத புகழ் வாயளவில் புகழ், செயலளவில் இகழ் என்று கொள்வதில் தப்பில்லை.

இலக்கணக்காரர்கள் புகழில் உள்ள சூதையெல்லாம் எப்போதோ பிடித்துவிட்டார்கள். ஒன்றைப் பழிப்பதற்காக வேறொன்றைப் புகழ்வதற்குத் தண்டியலங்காரம் மாறுபடுபுகழ்நிலை என்று பெயர் தருகிறது. பழைய செயலாளரை இப்போது ஆகா ஓகோ என்கிறோமே, புதியவர் காதில் விழட்டும் என்று, அதுதான். ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பாராட்டியதும் (புறநானூறு 95) புகழ் போலத் தோன்றும் கேலியே. ஆனால் நான் சொல்லும் இகழ்ச்சிக்கு எந்த அணியிலக்கணமும் கிடையாது. அதில்தான் சொல்வதற்கு ஒன்றுமே இல்லையே.

என் கடைக்கு எவர்சில்வர் குடம் வாங்க வருகிறவர்கள் பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். நன்கொடைப் பாத்திரம் என்றால் எழுத்து இன்னும் பெரிசாக வேண்டும். தப்பென்று சொல்லமாட்டேன், எனக்கும் அதில் கூலி வருகிறது. ஆனால் தமிழ் அமைப்பு ஒன்றின் நூலகத்தில் பார்த்திருக்கிறேன்: பீரோவின் மேல் கொடையாளர் பெயர்ப்பலகை பளபளக்கிறது, உள்ளே புத்தகத்தைக் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது. தமிழின் பெருமையைப் பற்றி அங்கே நடந்த கூட்டங்களுக்குக் குறைவேயில்லை.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டார். அதற்கு முன் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பாடம் கேட்ட கதையை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். ஒருநாள் அவர்கள் வீட்டில் தோரணமும் கோலமுமாக இருக்கக் கண்டு, என்ன விசேஷம் என்று விசாரித்தாராம். சிந்தாமணி படித்து முடித்தோம், அதற்குத்தான் என்றார்களாம்.