புத்தகக் கடைத் தரிசனம்: ஒரு பயணப் பிரதியை வாசித்தல்

சில காலமாகத் தமிழில் ஒரு புதுவகைப் பிரதி பெருகிவருகிறது. அதற்கு 'புத்தகக் கடைத் தரிசனம்' என்று பெயர் வைக்கலாம். எழுத்தாளர் வெளிநாடு போகிறார். எல்லாரும் பார்க்கிற கோபுரத்தைத் தான் பார்க்கவில்லை என்று பெருமையோடு ஒரு வரி எழுதுகிறார். பிறகு ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைகிறார். மரப்படி, மக்கிய தாளின் மணம், அலமாரி மேல் தூங்கும் பூனை, மூலையில் ஒரு காப்பிக்கடை. முடிவில் 'நம் ஊரில் இப்படி ஒன்று இல்லையே' என்று ஒரு பெருமூச்சு.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த அமைப்பு புதிதில்லை. இது தலபுராணம். மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் இதில் இருக்கின்றன. மூர்த்தி ஜேம்ஸ் ஜாய்ஸ், தலம் கடை, தீர்த்தம் காப்பி. பலன் சொல்லாமலே விளங்கும். நான் வெளிநாடு போனதில்லை, என்னிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. 'பார்க்காதவனுக்கு என்னய்யா தெரியும்' என்று கேட்கலாம். கடையைப் பற்றிப் பேச அது வேண்டியிருக்கலாம். கடையைப் பற்றிய எழுத்தை வாசிக்கப் பாஸ்போர்ட் எதற்கு? இந்தக் கட்டுரைகளை நான் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். எங்கிருந்து வாசிக்கிறோம் என்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான்.

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் சொல்வதன் சாரம் இது: தொன்மம் என்பது வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டும் பேச்சு. உண்டாக்கப்பட்ட ஒன்றை, தானாக இருப்பதுபோல் நம் முன் வைக்கும். தரிசனக் கட்டுரை செய்வதும் இதையேதான். கடையின் அழகு அந்த ஊர் மண்ணில் தானாக முளைத்த மாதிரி, அந்த மக்களின் இரத்தத்தில் வாசிப்பு ஓடுகிற மாதிரி எழுதப்படுகிறது. வெள்ளைக்காரன் படிக்கிறான், தமிழன் படிப்பதில்லை என்பதுதான் அதன் உள்ளுறை.

அடிக்கடி எழுதப்படும் நாலு கடைகளை எடுத்துக்கொள்வோம். பாரிஸின் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி: சில்வியா பீச் 1919இல் தொடங்கி 1922இல் 'யுலிஸிஸ்' நாவலைப் பதிப்பித்த கடை 1941இல், நாஜி ஆக்கிரமிப்பின்போது, மூடப்பட்டது. இன்று ஆட்கள் போய்ப் பார்ப்பது ஜார்ஜ் விட்மன் 1951இல் வேறொரு பெயரில் திறந்து, 1964இல் பழைய பெயரைச் சூட்டிய வேறு கடை. இரண்டாவது, போர்ச்சுகலில் போர்ட்டோ நகரின் லெல்லோ, 1906இல் கட்டியது. மூன்றாவது, நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரில் பதின்மூன்றாம் நூற்றாண்டு தேவாலயம் ஒன்று 2006இல் புத்தகக் கடையானது. நான்காவது, அர்ஜென்டினாவில் புவனஸ் அயர்ஸின் எல் அட்டெனியோ. 1919இல் கட்டிய நாடகக் கொட்டகை 2000இல் புத்தகக் கடையானது. மேடையில் இப்போது காப்பி தருகிறார்கள்.

இந்த நாலுக்கும் பொதுவானது மரப்படியல்ல. நாலு நாடுகளிலும் புத்தக விலைக்குச் சட்டம் இருக்கிறது. பிரான்சில் 1981, போர்ச்சுகலில் 1996, அர்ஜென்டினாவில் 2001, நெதர்லாந்தில் 2005. விலையைப் பதிப்பாளர் வைப்பார். விற்பவர் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. பிரான்சில் புதுப் புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது. பெரிய கடையும் சந்துக் கடையும் ஒரே விலைக்கு விற்றாக வேண்டும் என்றால்தான் சந்துக் கடை பிழைக்கும். இணைய வணிகம் தபால் செலவை இலவசமாக்கி இந்தச் சட்டத்தைத் தாண்டியபோது, 35 யூரோவுக்குக் குறைவாக வாங்கினால் 3 யூரோவாவது தபால் கூலி வாங்க வேண்டும் என்று 2023 முதல் விதி போட்டார்கள். நமக்கு இருப்பது அதிகபட்ச சில்லறை விலை. அது மேல்வரம்பு மட்டுமே. கீழே எவ்வளவு இறங்கினாலும் கேட்பாரில்லை. இறங்க முடிந்தவன் நிற்பான், முடியாதவன் கோனார் உரையும் நோட்டுப் புத்தகமும் விற்பான். பென்னாகரத்தில் புத்தகக் கடை என்றால் அதுதானே? இரத்தத்தில் ஓடும் வாசிப்பு என்று நாம் மயங்கியதற்குப் பின்னால் ஒரு சட்டப்பிரிவு உட்கார்ந்திருக்கிறது.

விலையை யாரோ தாங்கினால் இங்கேயும் புத்தகம் நடமாடியது என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டியில் சோவியத் நூல்கள் ஊர் ஊராக வந்தன. கெட்டி அட்டை நாவல் டீக்காசில் கிடைத்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அந்தக் காசை ஒரு அரசு கொடுத்தது. 1991இல் அந்த அரசு போயிற்று, அந்த விலையும் போயிற்று. தமிழன் திடீரென்று படிப்பை நிறுத்திவிட்டான் என்று இதற்கு யாரும் பொருள் சொன்னதில்லை.

அழகை மட்டும் பிரித்தெடுத்தால் என்ன ஆகும் என்பதை லெல்லோவே காட்டிவிட்டது. பார்க்க வருகிற கூட்டத்தைச் சமாளிக்க 2015இல் நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். வாசகர் இடத்தில் பார்வையாளர் வந்து நின்றதற்கு இதைவிடத் தெளிவான குறி வேண்டுமா? நமது தரிசனக் கட்டுரையாளர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அவர் மட்டும் தன்னை வாசகர் என்று நினைத்துக்கொள்கிறார்.

1981 என்ற ஆண்டுக்குத் திரும்புவோம். பிரெஞ்சு அரசு புத்தக விலைச் சட்டத்தை நிறைவேற்றியது அந்த ஆண்டு ஆகஸ்ட் 10. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பல். கொளுத்தியதில் போலீசாரும் இருந்தார்கள். அதே நாட்களில் யாழ்ப்பாணத்தின் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. பிறகு அது மறுபடி எழுந்தது. ஒரு அரசு புத்தகக் கடையைக் காக்கச் சட்டம் எழுதுகிறது, இன்னொரு அரசின் ஆட்கள் தீ வைக்கிறார்கள். 'நம் ஊரில் இல்லையே' என்ற பெருமூச்சில் இந்த இரண்டாவது விஷயத்துக்கு இடமே இல்லை. இல்லாமல் போனதற்கும் இல்லாமல் ஆக்கப்பட்டதற்கும் வித்தியாசம் உண்டு.

அந்தத் தீயிலிருந்து தப்பியவர்களில் பலர் பாரிஸுக்குத்தான் போனார்கள். லா சப்பல் பகுதியில் மளிகை, புடவை, நகை என்று கடைகள் வைத்தார்கள். தமிழ்ப் பத்திரிகையும் புத்தகமும் அங்கே விற்றன. ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனியிலிருந்து மெட்ரோ ரயிலில் போய்விடும் தூரம். நான் படித்த தரிசனக் கட்டுரை எதிலும் அங்கே போனதாக ஒரு வரி இல்லை. போயிருப்பார்கள், சாப்பிட. தோசை சாப்பிட்ட இடத்தைப் புத்தகம் இருக்கும் இடமாகப் பார்க்க அந்தப் பிரதியின் இலக்கணம் அனுமதிக்காது.

காப்பியும் எழுத்தும் சேர்ந்த இடம் நமக்கு இல்லவே இல்லையா? இங்கிலாந்தின் காப்பிக் கடைகளில் பொதுவெளி உருவானது என்று ஹேபர்மாஸ் 1962இல் எழுதினார். நம் டீக்கடை பெஞ்சில் ஒரே தினத்தந்தி நாலு துண்டாகி நாலு பேர் கையில் இருக்கும். ஒருத்தர் உரக்கப் படிப்பார், படிக்கத் தெரியாதவரும் வாதத்துக்கு வருவார். பக்கத்தில் கட்சிப் படிப்பகம். இது பொதுவெளிதான், ஆனால் இதைத் தொன்மமாக்கினால் நானும் அதே தவறைச் செய்தவனாவேன். இரட்டைக் குவளை வைத்ததும் இந்த டீக்கடையே. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துத் திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் முன் பெரியார் இயக்கம் 1957இல் மறியல் செய்ய வேண்டியிருந்தது. உட்காரும் உரிமைக்குப் பிறகுதான் காப்பியின் மணம்.

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி ஒரு குற்றம். எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். என் சித்தப்பா அங்கே சென்ட்ரிங் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு, காப்பிக்கடையோடு சேர்ந்த ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். வாசலில் நின்று தன் காலைப் பார்த்தார். சிமெண்ட் காய்ந்திருந்தது. "நீ போயிட்டு வாடா, நான் இங்கியே நிக்கிறன்" என்றார். உள்ளே இருந்தவர்கள் அவரைத் தடுக்கவில்லை. தடுக்கும் அவசியமே இல்லாதபடி அந்த வாசல் இருந்தது. நான் ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தேன். ஊருக்கு வந்து அந்தக் கடையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். மரநாற்காலி, மழை, பழைய பெங்குவின் பதிப்பு எல்லாம் அதில் இருந்தன. சித்தப்பா இல்லை. ஊர் டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிப்பவர் அவர்தான்.

ஆகவே அழகான கடைகளைப் பற்றி எழுதக் கூடாது என்பதல்ல என் வாதம். எழுதுங்கள். கூடவே அங்கே விலையை யார் வைக்கிறார்கள், வாங்காமல் எவ்வளவு நேரம் நிற்கலாம், வாசலோடு நின்றுகொண்டவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். நம் ஊரில் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டின் நூலகச் சட்டம் தந்த ஏற்பாடு அது. வேலை முடிந்து வருகிறவன் உட்கார்ந்து படிக்க, கிளை நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்று கேட்பதற்குப் பாரிஸ் போய்த் திரும்ப வேண்டியதில்லை. என் அந்தப் பழைய குறிப்பைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். வாசலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இன்னும் முடியவில்லை.