பிள்ளைக் கணக்கும் பெண்ணின் சொல்லும்

ஆண், பெண் இருபாலாருக்குமான கருத்தடை அறுவைச் சிகிச்சைத் தரநெறிகளை இந்திய அரசு 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. முகாம்களில் நிகழ்ந்த கேடுகளைக் குறித்த ராமகாந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணையே அதற்குத் தூண்டுகோல். மருத்துவர்க்கென எழுதப்பட்ட அக்கையேட்டை நாமும் கூர்ந்து வாசித்தல் தகும். ஒரு பெண்ணின் உடலைக் குறித்து இறுதிச் சொல் யாருடையது என்னும் வினாவுக்கு அது விடை கூற முற்படுகின்றது.

அவ்விடையில் நேர்மை உண்டு. சிகிச்சையை நாடுபவர் தாமே விளங்கிக்கொண்டு, வற்புறுத்தலின்றி இசைய வேண்டும். வாழ்க்கைத்துணையின் ஒப்புதல் தேவையில்லை என்று கையேடு தெளிவாகக் கூறுகின்றது. ஆயினும் தகுதியை வரையறுக்கும் பகுதியில் வேறொரு குரல் ஒலிக்கின்றது. பெண் மணம் புரிந்தவளாயிருத்தல் வேண்டும். 22 வயதுக்கு மேலும் 49க்குக் கீழும் இருத்தல் வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தாலன்றி, ஒரு வயது கடந்த குழந்தை ஒன்றேனும் இருத்தல் வேண்டும். முற்பகுதி பெண்ணின் சொல்லைக் கேட்கின்றது. பிற்பகுதி அவளுடைய பிள்ளைகளை எண்ணுகின்றது. வாக்களிக்க 18 வயது போதுமெனில், தன் உடலைப் பற்றி முடிவு செய்ய அது ஏன் போதாது என்பதற்கு அங்கே விளக்கமில்லை.

காஞ்சிபுரத்துத் தறிவீடு ஒன்றில் இந்நெறி எவ்வாறு பொருள்படும்? நூல் பிரித்துத் தார் சுற்றுவது அங்கே பெரும்பாலும் பெண்களின் கைவேலை. கூலி நெய்து முடித்த சேலைக்கே. கை ஓய்ந்த நாளுக்குக் கூலியில்லை. கோர்வைச் சேலைக்குத் தறியில் ஒரு துணைக்கை வேண்டும்; அது நெடுங்காலம் பல வீடுகளில் பிள்ளையின் கையாயிருந்தது. இனிப் பேறு வேண்டாமென முடிவு செய்யும் பெண், வீட்டாரிடம் வாதாடிய பின்னரே மருத்துவமனைப் படியேற நேரும். அங்கும் கணவரின் கையெழுத்தும் ஆண்பிள்ளையின் கணக்கும் கேட்கப்படுமாயின், ஏட்டில் தந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும். மணமாகாதவளோ பிள்ளைப்பேற்றை விரும்பாதவளோ வந்தால், கையேடே கதவை அடைத்துவிடுகின்றது.

மருத்துவர்களின் தயக்கத்தை வெறும் பிடிவாதமென நாம் ஒதுக்குவதற்கில்லை. கருக்குழாயை மீண்டும் இணைப்பது பெரிய சிகிச்சை, பலன் உறுதியன்று. இளவயதில் செய்துகொண்டோருள் சிலர் பின்னர் வருந்துவதும் உண்டு. கவனக்குறைவால் சிகிச்சை தவறிப் பிறந்த குழந்தையின் வளர்ப்புக்கு அரசு ஈடு தர வேண்டுமெனச் சாந்திரா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எனினும் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாதவிடத்து, தோல்வி ஒன்றைக் கொண்டே மருத்துவரைப் பொறுப்பாக்கலாகாது என்று சிவ்ராம் வழக்கில் (2005) அந்நீதிமன்றமே தெளிவாக்கிற்று. பின்னர் வருந்தக்கூடும் என்பது விளக்கிச் சொல்லவும் அவகாசம் தரவும் காரணமாகுமேயன்றி, மறுக்கக் காரணமாகாது.

இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். 1956ஆம் ஆண்டிலேயே ஊக்கத்தொகை வழங்கி இத்துறையில் முன்னின்றது சென்னை மாநிலம். நெருக்கடி நிலையின்போது, 1976–77இல், நாடெங்கும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. அதன்பின் சுமை பெண்கள்மேல் சாய்ந்தது. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் சிகிச்சை செய்யப்பட்டது. அம்மாவட்ட முகாம்களில் பத்துக்கு மேற்பட்ட பெண்கள் மாண்டனர். முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த முயலுமாறு தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் பணித்தது.

இரு பிள்ளை பெற்ற ஏழையை அவசரப்படுத்துவதும், பிள்ளையில்லாதவளைத் திருப்பி அனுப்புவதும் முரணானவை போலத் தோன்றும். வேர் ஒன்றே: பெண்ணின் மதிப்பு அவள் பெற்ற பிள்ளைகளால் அளக்கப்படுகின்றது. அண்ணகர்க்கும் ஆண்டவர் தம் ஆலயத்தில் இடமும் பெயரும் அளிப்பதாகக் கூறும் ஏசாயா 56ஆம் அதிகாரத்தை வாசிக்கும் நாம் அவ்வளவுகோலை ஏற்கலாகாது. தகுதிப் பட்டியலினின்று மணமும் பிள்ளைக் கணக்கும் நீக்கப்பட்டு, நிதானமான ஆலோசனையும் எண்ணிப் பார்க்கும் காலமும் அவ்விடத்தில் அமைய வேண்டும். 'வேண்டும்' என்பதும் 'வேண்டாம்' என்பதும் ஒருசேர மதிக்கப்படும்போதே அவளது இசைவு மெய்யான இசைவாகும்.